ஊதா விளக்கு வகுப்பு

பயிற்சி மைய விடுதியில் இருக்கும் மகனைப் பார்க்கப் பழனியம்மாள் முறுக்குச் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்பது மாணவர்களும் ஊதா விளக்கை நோக்கிக் கழுத்தைச் சாய்த்தபடி படித்துக்கொண்டிருந்தார்கள்.

"தக்காளிப் பண்ணையில செடி சீக்கிரம் வளரப் போடுற அதே லைட்டுதானுங்க. ரெண்டு வருசப் பாடம் எட்டே மாசத்துல முடிஞ்சிரும்," என்றார் வார்டன் பெருமையாக.

"சாமி, அம்மா வந்திருக்கேன். இங்க பாரு."

மகன் திரும்பவில்லை. அவர் முறுக்கை நீட்டினார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்," என்றார் வார்டன்.

பழனியம்மாள் போய் ஊதா விளக்கை அணைத்தார். கைப்பேசி டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டார். மகன் மெல்ல அவர் பக்கம் சாய்ந்து சிரித்தான்.

"பாத்தீங்களா, எம்புள்ளைக்கு என்னை அடையாளம் தெரியுது!"

மற்ற முப்பத்தொன்பது பேரும் அவரை நோக்கி மெல்லச் சாய்ந்து சிரித்தார்கள்.