பாட்டில் பாதி

அமெரிக்காவின் பாட்டு நகரமான நாஷ்வில்லில், ஒலிப்பதிவுக்கூடத்தின் கண்ணாடியில் மதிய வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. கென்டக்கி நிலக்கரிச் சுரங்கம் இடிந்து செத்த அண்ணனைப் பற்றித் தானே எழுதிய பாட்டை வெர்னா பாடிக்கொண்டிருக்கிறாள். தயாரிப்பாளர் ராய்ஸ் கையை உயர்த்தி நிறுத்துகிறார். "நிலக்கரின்னு பாடினா ரேடியோக்காரன் போடமாட்டாம்மா. பீர்னு மாத்திட்டேன். ஒரு வார்த்தை மாத்தினாலும் பாட்டுல பாதி உரிமை எம்பேர்ல, ஊர் வழக்கம் தெரியுமில்ல?" பக்கத்தில் ஸ்டீல் கிட்டார்க்காரர் குனிந்த தலை நிமிராமல், துடைத்த கம்பியையே மறுபடி துடைக்கிறார். இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும் தன் கிட்டாரை வெர்னா உள்ளங்கையால் அறைந்து அடக்குகிறாள். பெட்டிக்குள் வைத்துக் கொக்கியை மாட்டுகிறாள். "பாட்டோட ஏன் நிறுத்திட்டீங்க ராய்ஸ்? எங்கண்ணன் கல்லறைக் கல்லுலயும் பாதி இடம் காலியாத்தான் கெடக்கு. அங்கயும் உங்க பேரப் பொறிச்சுக்குங்க."