நன்றி சொன்ன குற்றம்

"எங்க வூட்டுக்காரர் மேல ஒரு புகாருங்க" என்று லூர்துமேரி எழுந்து நின்றதும், உப்பளக் கொட்டகையில் கூழ் குடித்துக்கொண்டிருந்த முப்பது பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். அதுவரை அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

மேஸ்திரி தேசப்பன் அளத்தில் வேலையும் பார்ப்பார், பஞ்சாயத்தும் பார்ப்பார். இரண்டாவதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம்.

"ஜான்சன் மேலயா? அடிச்சானா?"

"இல்லீங்க."

"குடிக்கறானா?"

"டீதாங்க குடிப்பாரு. குடிச்சிட்டுத்தான்..." லூர்துமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தேங்க்ஸ் சொல்றாருங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்!"

கட்டின பெண்டாட்டிக்குத் தேங்க்ஸ் சொன்ன ஆளை மரக்காணம் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"ஏதோ ஒரு நாள் தெரியாம சொல்லியிருப்பான்மா."

"ஒரு நாளா? ரெண்டு மாசமா, தினம் தினம். டீ கொடுத்தா தேங்க்ஸ். துண்டு எடுத்துக் கொடுத்தா தேங்க்ஸ். உப்புத் தண்ணியில வெடிச்ச காலுக்கு எண்ணெய் தடவினா, ரெண்டு காலுக்கும் தனித்தனியா தேங்க்ஸ். நேத்து ஒரு தும்மல் போட்டேங்க. 'நீ தும்முற சத்தம் கேட்டாத்தான் வூடு வூடா இருக்குது, தேங்க்ஸ் மேரி'ங்கறாரு."

பக்கத்தில் இருந்த சின்னப்பாப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான் திடீர்னு எல்லார்கிட்டயும் அன்பா பேசினாரு. மூணாம் நாள் போய்ச் சேந்துட்டாரு" என்றான் மணிகண்டன்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டேங்க. பிரஷர், சுகர் எதுவும் இல்லையாம். ரத்தம் எடுத்த நர்சம்மாவுக்கும் தேங்க்ஸ் சொன்னாரு. எனக்குச் சொல்ற மாதிரி இல்ல, சும்மா ஒரே ஒரு தடவ."

குற்றவாளி எழுந்து நின்றான். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், முழங்கால் வரை உப்பு பூத்திருந்தது.

"ஏம்பா ஜான்சன், இன்னா கேடு உனக்கு?"

"மழைக்காலத்துல அளமெல்லாம் தண்ணி நின்னுச்சில்லண்ணே, அப்ப குயிலாப்பாளையத்துல வெள்ளைக்காரங்க தங்கற ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குத் தோட்ட வேலைக்குப் போனேன். அங்க புல்லு வெட்டினாலும் தேங்க்ஸ் சொன்னாங்க, பைப்பை மூடினாலும் தேங்க்ஸ் சொன்னாங்க. அப்பதாண்ணே ஒறைச்சுது. புல்லு வெட்டினவனுக்கே அவ்ளோன்னா, இருபத்திரெண்டு வருஷமா விடியறதுக்கு முன்ன எழுந்து டீ போட்டுக் கொடுக்கறவளுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

பெண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அதைப் பார்த்ததும் ஆண்கள் பக்கம் கலவரமாகிவிட்டது.

"அண்ணே, இதை இப்படியே வுடக்கூடாது" என்றான் மணிகண்டன். "எம் பொண்டாட்டி இப்பல்லாம் டீயைக் கொடுத்துட்டு நகராம அங்கயே நிக்கறா. எதையோ எதிர்பாக்கறா. இவன் சொல்றது தெருவுக்கே கேட்டிருக்குதுன்னு இப்பதான் புரியுது."

"எங்க வூட்லயும் நிக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தேசப்பனுக்கும் திக்கென்றது. காலையில் அவர் வீட்டிலும் நின்றது. அதனால் தீர்ப்பு கடுமையாகவே வந்தது.

"இனிமே வூட்ல தேங்க்ஸ் கூடாது. மீறி ஒரு தடவ சொன்னா, அபராதம் ஒரு பாத்தி. அடுத்தவங்க பாத்தி உப்பை நீ வாரிக் கொடுக்கணும்."

லூர்துமேரியின் முகம் வெளுத்துவிட்டது. "அவ்ளோலாம் வேணாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிட்டுப் போகட்டுமே..."

"அதான் புகார் கொடுத்தாச்சில்ல? உக்காரும்மா."

"சரிண்ணே, தேங்..." என்று ஆரம்பித்த ஜான்சன் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் டீ கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் நெத்திலிக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான். காலுக்கு எண்ணெய் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டான்.

இருபத்திரெண்டு வருஷமும் அப்படித்தான் போயிற்று. அப்போதெல்லாம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது இரண்டு நாள் தாங்கவில்லை, பாவம்.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் வேலை முடித்துக் கிளம்பிய பிறகும் ஜான்சன் சின்னப்பாப்பாவின் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். அடுத்த பாத்தியில் லூர்துமேரி. மண்டையைப் பிளக்கிற வெயிலில் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தேசப்பன் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"மறுபடியும் சொல்லிட்டானா?"

"ஆமாங்க. மொத்தம் ஏழு பாத்தி."

"அவன் சொன்னதுக்கு நீ ஏம்மா வார்ற?"

"நாலுதாங்க அவரு சொன்னது. மூணு நான் சொன்னது."

தேசப்பனுக்குத் தலை சுற்றியது. "உனக்கே இவ்ளோ புடிச்சிருக்குதுல்ல? அப்புறம் எதுக்கும்மா அன்னிக்கு எழுந்து நின்னு புகார் கொடுத்தே?"

லூர்துமேரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கும் நாலு பேர்கிட்ட சொல்லணும்போல இருந்துச்சுங்க. எம் புருஷன் என்னை நல்லா வெச்சிருக்காருன்னா யாருங்க உக்காந்து கேக்கறாங்க? புகார்னாத்தானே கேக்கறீங்க!"