தாத்தாகிட்ட சொல்லு

"போக மாட்டேன்!"

பேத்தி ஷூவைக் கழற்றி வீசினாள். அது பறந்து போய் என் சம்பந்தியின் மடியில் விழுந்தது. அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்தான்.

அவள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற நாள். புதுப் பை, புதுத் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் கதவோரம் தயாராக நின்றன. போக வேண்டியவள் மட்டும் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

"எல்லாம் செல்லம்" என்றேன். "பாப்பா, உங்க அப்பாவைப் பெத்த தாத்தாகிட்ட சொல்லு. செல்லம் குடுத்துக் கெடுத்தது போதும்னு."

சோபாவுக்குப் பின்னாலிருந்து விசும்பலோடு குரல் வந்தது.

"தாத்தா, செல்லம் குடுத்துக் கெடுத்தது போதுமாம்."

"அப்படியா? பல் விளக்கறதுக்கு முன்னாடியே சாக்லேட் குடுத்தது யாருன்னு உங்க அம்மாவைப் பெத்த தாத்தாவைக் கேளு."

"சாக்லேட் குடுத்தது யாருன்னு கேக்கறாங்க தாத்தா."

அழுதுகொண்டே சொன்னாலும் ஒரு வார்த்தை குறையவில்லை. கெட்டிக்காரி. என் பக்கத்து ரத்தம்.

எனக்கும் சம்பந்திக்கும் பேச்சு கிடையாது. என் மகள் கல்யாணத்தன்று அவர் மண்டப வாசலில் நின்றுகொண்டு, எனக்கு முன்னால் போனவரை "வாங்க வாங்க" என்றார். எனக்குப் பின்னால் வந்தவரையும் "வாங்க வாங்க" என்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மாடு கூடத்தான் தலையை ஆட்டும். பெண்ணைக் கொடுக்கிறவனுக்கு ஒரு "வாங்க" கிடையாதா? அன்றைக்கு வாயை மூடியவன்தான் நான்.

இப்போது பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற சாக்கில் மகளும் மருமகனும் எங்கள் இருவரையும் ஒரே விமானத்தில் இந்தக் குளிர் தேசத்துக்கு வரவழைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரிகள் இருவரும் மூட்டுவலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.

மருமகன் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. தங்கம், மிஸ்ஸைப் பார்த்துப் பயமா?"

"இல்ல."

"அந்தப் பசங்க பேசறது புரியாதுன்னா?"

"எனக்குப் புரியும்."

"அப்புறம் என்னம்மா? இன்னிக்கும் லீவு போட்டா, இனிமே வரவே வேண்டாம்னு ஆபீஸ்ல என்னை அனுப்பிடுவாங்க."

"இடம் குடுக்காதே. இன்னிக்கு விட்டா தினமும் இதே கூத்துதான்" என்றேன்.

சம்பந்தி ஆமாம் என்று தலையாட்டினார். நாங்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அதற்கும் தலையாட்டல்தான்!

மகள் சோபாவுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "என்னன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லு."

அம்மாவிடம் மட்டும் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது.

"அந்தத் தாத்தா மாத்திரை போட மறந்துடுவாங்க. போட்டாச்சான்னு கேளுன்னு இந்தத் தாத்தாதான் தினமும் என்னை அனுப்புவாங்க. இந்தத் தாத்தாவுக்கு ஹீட்டர் போடத் தெரியாது. குளிருதான்னு கேளுன்னு அந்தத் தாத்தாதான் அனுப்புவாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா யாரும்மா போய்ச் சொல்லுவா?"

மகள் எழுந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. ஒரு குப்பைத் தொட்டி.

சம்பந்தி மடியிலிருந்த ஷூவை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அதைப் பாப்பாவின் காலில் மாட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டே ஹீட்டர் பக்கம் நடந்தார். அங்கே நின்று, பாப்பாவைப் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்தார்.

"வாங்க சம்பந்தி. எந்தப் பொத்தானை அமுக்கணும்னு காட்டறேன்."

மண்டப வாசலில் வந்திருக்க வேண்டிய வார்த்தை. கடல் தாண்டி வந்து, ஒரு ஹீட்டருக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. உடனே ஓடிவிடுவேனா? கொஞ்ச நேரம் விறைப்பாகவே நின்றேன். பிறகு சொன்னேன்.

"பாப்பா, வர்றேன்னு அந்தத் தாத்தாகிட்ட சொல்லு."

பாப்பா அதற்குள் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்திருந்தாள்.

"நீங்களே சொல்லிக்கோங்க தாத்தா. எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு!"