ஏழாம் நம்பர் குடித்தது

எங்கள் போர் விமானங்களில் ஒன்று எரிபொருளைச் சுமந்துபோய், நடுவானில் குழாய் நீட்டி இன்னொன்றுக்குக் கொடுக்கும். தரையில் நிரப்புகிறவன் நான். மூன்று நாளாகக் கணக்கில் தொள்ளாயிரம் லிட்டர் உதைத்தது. நான் யோக்கியன் இல்லை. ஆனால் இதை எடுக்கவில்லை.

"நீதான் ஆட்டையப் போட்டிருக்க. நாளைக்குக் கம்பிதான் எண்ணணும்," என்றார் அதிகாரி.

"அவரை விடுங்க சார். மேல ஒண்ணுக்குக் கொடுத்து முடிச்சதும், ரெண்டாவதா ஏழாம் நம்பர் விமானம் வந்து குடிச்சிட்டுப் போச்சு," என்றார் எரிபொருள் சுமந்துபோன விமானி.

"அதோட இறக்கையைக் கழட்டிக் கொட்டகையில பூட்டி மூணு மாசமாச்சேய்யா! ரெண்டு பேரும் கூட்டா?"

மதியம் கொட்டகையைத் திறந்தேன். ஏழாம் நம்பர் இறக்கையில்லாமல் நின்றது. அதன் வயிற்றுத் தொட்டி, அப்போதுதான் வானத்திலிருந்து இறங்கியதுபோல் சில்லென்று வியர்த்திருந்தது. தட்டினேன். தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

அந்தக் கொட்டகைக்கு ஒரே சாவி. அது என் கையில் இருந்தது. வாசலில் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது.