ஒரே ஓட்டை

துப்பாக்கி சுடும் கிளப்பில் தேவசகாயம் தன் புது பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்த பழைய ரிவால்வரை எடுத்தார்.

“என்ன பெருசு, உனக்கு ஆறு குண்டுதானே? அதுக்குள்ள மூச்சு வாங்கிடப் போவுது,” என்று சிரித்தது பிஸ்டல்.

தேவசகாயம் நிதானமாக ஆறு குண்டுகளையும் சுட்டார். பிறகு குறி அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நட்டநடுவில் ஒரே ஓட்டை.

“ஐயோ பாவம்! ஒண்ணுதான் பட்டிருக்கு. மத்ததெல்லாம் எங்கே போச்சு?” என்றது பிஸ்டல்.

“எல்லாமே இதே வழியாத்தான் போச்சு,” என்றது அட்டை. அதன் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

பிஸ்டல் ரிவால்வரைத் திரும்பிப் பார்த்தது. “நீங்க...” என்று ஆரம்பித்தது.