திருமணத்துக்கு முந்தைய நாள்

நாயகியை எந்தக் காலத்துக்குத் திருப்பி அனுப்புவது என்பதில் எங்கள் கதைக்குழு காலையிலிருந்து முட்டி மோதிக்கொண்டிருந்தது.

தொடரின் பார்வையாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆகவே அடுத்த வாரம் முதல் அவள் காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்தே ஆகவேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் கேட்டுக்கொண்டிருந்தது.

மன்னர் காலத்துக்கு அனுப்பலாம் என்றார் துணை எழுத்தாளர். சென்ற முறை வாடகைக்கு எடுத்த கிரீடம் நாயகனின் காதுவரை இறங்கிவிட்டதைத் தயாரிப்பு நிர்வாகி பணிவுடன் நினைவூட்டினார்.

"அவ்வளவு தூரம் போனா யாருக்கும் அழுகை வராது தம்பி. அவளோட கொள்ளுப்பாட்டிக்கு என்ன ஆனா நமக்கென்ன?" என்றார் வசனம் எழுதும் அம்மையார்.



கதைப் பொறுப்பாளரும் வசனம் எழுதும் அம்மையாரும் ஒரு காலத்தில் கணவன் மனைவி. பிரிந்த பிறகும் பிழைப்பு இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்திருந்தது. நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் காற்றிடம் சொல்வார். மற்றவர் காற்றுக்கே பதில் சொல்வார். காற்றால் முடியாதபோது, சொன்னதை இங்கிருந்து அங்கே கொண்டுசேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழும்.

துணை எழுத்தாளர் திடீரென்று மேசையைத் தட்டினார்.

திருமணத்துக்கு முந்தைய நாளுக்கு அனுப்பிவிடலாம். மாப்பிள்ளையை வேண்டாம் என்று அவள் சொல்லிவிடட்டும். துன்பம் அத்தனையும் அங்கேயே தீர்ந்தது, கிரீடமும் தேவையில்லை.



தயாரிப்பு நிர்வாகி தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். என் பக்கம் பார்க்காமலிருக்க எல்லோரும் மிகவும் பாடுபட்டார்கள்.

குறை சொல்வதாக எண்ண வேண்டாம், நல்ல யோசனைதான். அந்தத் திருமணத்தால் நாயகிக்கு ஒரு நன்மையும் விளையவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக நாங்களேதான் எழுதிவந்திருக்கிறோம்.

ஆனால் நாயகிக்கு ஒரு மகள் உண்டு.

அந்த வேடத்தில் நடித்த சிறுமி பள்ளித் தேர்வுக்காக விலகியபோது, கதையில் அவளை விடுதிக்கு அனுப்பினோம். பிறகு திரும்ப அழைத்துவர மறந்துபோனோம். பார்வையாளர்களும் கேட்கவில்லை. திருமணம் நடக்காவிட்டால் அவள் பிறக்கவே மாட்டாள்.

இதை எடுத்துச் சொல்வது என் கடமை. சொல்லவில்லை. நான் சொல்லாமலே கதைப் பொறுப்பாளருக்கும் அம்மையாருக்கும் அது நினைவுக்கு வருகிறதா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அன்று எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"அப்ப முந்தின நாளே வச்சுக்கலாமா?" என்றபடி துணை எழுத்தாளர் எல்லோரையும் பார்த்தார்.

"குழந்தை?"

மேசையின் இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது அந்தக் கேள்வி.

கதைப் பொறுப்பாளர் காற்றை விட்டுவிட்டு, எதிரே இருந்தவரை நேராகப் பார்த்தார்.

"அவ பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள்கூடப் போகக் கூடாது. அதுக்காக அந்தக் கல்யாணத்தை எத்தனை தடவை வேணும்னாலும் பண்ணிக்கட்டும்."

"நான் மட்டும் வேண்டாம்னா சொன்னேன்?" என்றார் அம்மையார். வழக்கமான காரம் அந்தக் குரலில் இல்லை.

துணை எழுத்தாளர் தலையைச் சொறிந்தார். அந்தச் சிறுமி இப்போது நன்றாக வளர்ந்திருப்பாளே என்று முணுமுணுத்தார்.

வளர்ந்தால் வளரட்டும், விடுதியிலிருந்து முதலில் வீட்டுக்கு அழைத்து வாருங்கள் என்றார் அம்மையார்.

முடிவு செய்ததைக் கணினியில் பதிவுசெய்வது என் வேலை. விரல்கள் விசைகளின் மேல் நின்றன. திரையில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"எழுதிட்டியா?" என்று கேட்டார் கதைப் பொறுப்பாளர்.

அலுவலகத்தில் அவரை ‘சார்’ என்றும் அம்மையாரை ‘மேடம்’ என்றும் மட்டுமே அழைக்க வேண்டும் என்பது, நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே மூவருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

"எழுதிட்டேன் அப்பா" என்றேன்.

இருவரில் யாரும் என்னைத் திருத்தவில்லை.