ஓட்டுநர் சீட்டில் ஈரம்

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கையில் டார்ச்சோடு அவன் காருக்குள் உட்கார்ந்திருந்தான். வெளியே மெக்கானிக் குழாய்த் தண்ணீரைக் கூரைமேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"எங்கயாவது சொட்டுதா சார்?"

"இல்லண்ணே."

தண்ணீர் முன்கண்ணாடிக்கு வந்தது, கதவிடுக்குகளுக்கு வந்தது. ரப்பர் ஓரங்களை அவன் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பொட்டு ஈரம் இல்லை.

போன மாதத்திலிருந்து இந்தத் தொல்லை. வாரநாட்களில் மனைவி ஆபீசுக்கு எடுத்துப்போகும் கார். சனிக்கிழமை காலையில் அவன் ஏறி உட்கார்ந்தால் பேண்ட் நனைந்துவிடுகிறது. அவளிடம் கேட்டதற்கு, "எங்கயோ ஒழுகுது போல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் இப்போதெல்லாம் பேச்சு அவ்வளவுதான். பால் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, சாவி எங்கே. மகள் போன பிறகு முதலில் அழுகை நின்றது, பிறகு பேச்சு நின்றது. இந்த ஒழுகலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் பல மாதங்களில் அவனுக்குத் தோன்றிய முதல் ஆசை.

மெக்கானிக் குழாயை மூடிவிட்டு வந்து பின்கதவைத் திறந்தார். "இந்தக் குழந்தை சீட்டைக் கழட்டிட்டா கார்ப்பெட்டை முழுசா தூக்கிப் பாத்துடலாம் சார்."

"அது இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் தூக்குங்க."

அவர் ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்தார். முன்கதவுப் பக்கம் போனார்.

முன்பக்கக் கார்ப்பெட்டின் அடியில் தூசிதான் பறந்தது. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயை ஊதிப் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை.

"மேலேருந்தும் வரல, கீழேருந்தும் வரல. ஒழுகுதுன்னு சொன்னா உங்க வண்டி கோவிச்சுக்கும் சார்."

அது சிரிக்க வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. உதட்டை மட்டும் விரித்தான்.

மெக்கானிக் ஒரு பழந்துணியை எடுத்து ஓட்டுநர் சீட்டில் வைத்து அழுத்தினார். துணி ஊறியது. முதுகு சாயும் இடத்தில் அழுத்தினார். அங்கும் ஊறியது. துணியை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது மழைத் தண்ணி இல்ல சார். ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிக்குது. யாரோ நனைஞ்ச துணியோடவே உக்காந்து ஓட்டியிருக்காங்க."

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் அறை வாசலிலேயே நின்றான்.

"வண்டி ஒழுகல."

இஸ்திரிப்பெட்டி நிற்கவில்லை. சட்டைக் காலரின் மேல் போய்க்கொண்டே இருந்தது.

"நீச்சல் குளத்துக்குப் போறியா?"

"ம்."

"எப்ப?"

"ஆபீஸ் முடிஞ்சதும். துணி மாத்திக்கணும்னு தோணாது. அப்படியே வந்துடுவேன்."

அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு லேசாக இளகியது. முழங்காலளவு தண்ணீரில் இறங்கவே பயப்படுகிறவள். அவளாவது எழுந்து வெளியே போயிருக்கிறாளே.

"நல்லதுதானே. இதை ஏன் மறைக்கணும்? நீச்சல் கத்துக்கிட்டா உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் கொஞ்சம்..."

"கத்துக்கப் போகல."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். தேய்த்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"தண்ணிக்கு அடியில போய் இருப்பேன். மூச்சு முட்டும். நெஞ்செல்லாம் எரியும். அப்புறம் மேல வந்துடுவேன்."

"எதுக்கு?"

"ஏரிக்குள்ள பாப்பாவுக்கு எவ்வளவு நேரம் அப்படி இருந்திருக்கும்னு நமக்குத் தெரியணும்ல?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கிட்டே வந்தாள். வெகு நாட்களுக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். காய்ச்சலில் கிடப்பவனிடம் பேசுவதுபோல, அவன் கையைத் தொட்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"ரொம்ப நேரம் இல்லங்க."